பல்வலியும் மயக்க மருந்தும்: முன்னோர் வகுத்த எல்லை

பல் பிடுங்கும்போது தரப்படும் மயக்க மருந்து மார்க்கத்தில் கூடுமா என்னும் ஐயம் இன்றும் நம் வீடுகளில் எழுகிறது. சிலர் அதற்கஞ்சி வலியைச் சகித்துக்கொள்கின்றனர். வேறு சிலர் மருத்துவரை நாடாமல் தூக்க மாத்திரையை விழுங்கிப் படுத்துவிடுகின்றனர். இவ்விரு சாராருக்கும் நம் வரலாற்றில் விடை உண்டு.

மருத்துவ மேதை இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில் வலி தணியும் வழிகளை வகைப்படுத்தினார். வலியின் காரணத்தை நீக்குவது ஒன்று. உறுப்பின் உணர்வை மரக்கச் செய்வது மற்றொன்று. மரக்கச் செய்யும் மருந்துகளுள் அபினே வலிமை மிக்கது என்றார். 'பன்ஜ்' எனப்படும் குரோசாணி ஓமத்தையும் அவ்வகையில் சேர்த்தார்.

அறிவை மயக்கும் பொருளை உட்கொள்ளலாமா என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் முன் நின்ற வினா. அழுகிப் பரவும் கையை வெட்டுவதற்காக அறிவை மயக்கும் மருந்து தேவைப்பட்டால், அது கூடும் என்பதே மிகச் சரியான கருத்து என ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) (1233–1277) தீர்ப்பளித்தார்கள். களிப்புக்காக அறிவை இழப்பது வேறு. சிகிச்சையின் தேவைக்காக, தேவையான அளவில் மயங்குவது வேறு.

1844இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்தார். பல் மருத்துவத்தில் புதிய காலம் அங்கிருந்து தொடங்கியது.

பல்லின் வலி முகத்தின் உணர்வு நரம்பு வழியே மூளைத்தண்டை அடைந்து, அங்கிருந்து தலாமஸுக்கும் மூளைப் புறணிக்கும் செல்கிறது. ஈறில் போடும் ஊசி அச்செய்தியை நரம்பிலேயே தடுக்கிறது. மிடசோலம் போன்ற அமைதியூட்டும் மருந்துகளோ மூளையில் 'காபா' என்னும் பொருளின் செயலைப் பெருக்கி, அச்சத்தையும் நினைவையும் மங்கச் செய்கின்றன; வலியின் பாதையை அடைப்பதில்லை. ஆகவேதான் அம்மருந்து கொடுத்த பின்னரும் மருத்துவர் மரப்பு ஊசி போடுகிறார்.

எனவே தூக்க மாத்திரை பல்வலிக்கு மருந்தாகாது. உறங்கிக் கிடக்கும் நேரத்திலும் சொத்தை வளர்கிறது; சீழ் பரவுகிறது. அளவு மீறினால் மூச்சே தடைபடலாம்.

மருத்துவர் தரும் மயக்க மருந்தைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அறிவு மயங்கினால் ஒளு முறியும். தெளிந்தபின் மீண்டும் ஒளுச் செய்து தொழுங்கள். ஈறில் போடும் ஊசியால் மட்டும் ஒளு முறிவதில்லை. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தை அருள்வானாக. ஆமீன்.