தந்தைவழிப் பட்டியலும் தாய்மொழியும்

கொழும்பில் தும்முல்லைச் சந்தியை அடுத்துள்ள ஒல்லாந்தப் பறங்கியர் சங்க மண்டபத்தில், டிசெம்பர்த் தொடக்கத்திலே, புனித நிக்கலஸ் விழாவைச் சிறுவர்க்கென எடுப்பது நெடுநாள் வழக்கு. ஒல்லாந்து நாட்டின் பழவிழாவொன்று, கும்பனியின் ஆட்சி 1796இல் ஒழிந்த பின்னரும், ஒல்லாந்த மொழி அறியாத பிள்ளைகளுக்காக இக்கரையிற் கொண்டாடப்படுவது விந்தையன்றோ?

விந்தையென்று நகைத்துவிட்டுப் போதல் முறையன்று. குலப்பெருமை பேசுவதில் யாழ்ப்பாணத்தவராகிய நாம் எவர்க்கும் இளைத்தவரல்லர். அப்பெருமை எவரை உள்ளே அழைத்தது, எவரை வாசலில் நிறுத்தியது என்பதே நாம் நோக்கவேண்டியது.

சங்கம் 1908இல் நிறுவப்பட்டது. அரசாங்கச் சுவடிகாப்பாளர் ஆர். ஜி. அந்தோனிஸ் அதனை நிறுவியவருள் முதன்மையானவர். சட்டநிரூபண சபையில் 1833 முதல் பறங்கியர்க்கென ஓர் ஆசனம் இருந்தது. கந்தோர் உத்தியோகங்களிலும் அவர்கள் முந்தியிருந்தனர். (கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுச்சென்றதுதான்.) ஆங்கிலங் கற்ற சிங்களரும் தமிழரும் அவ்வுத்தியோகங்களுக்குப் போட்டியிட்ட காலத்தில், பறங்கியர் எனத்தக்கவர் யார் என்பது வெறும் வரலாற்று வினாவாக இருக்கவில்லை.

விடையைச் சங்க இதழின் மரபுப் பட்டியல்களிற் காணலாம். கும்பனி ஊழியனாக ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர் ஆடவனிடமிருந்தே அவை பெரும்பாலும் தொடங்கும். அவன் ஒல்லாந்தனாய் இருக்கவேண்டுமென்பதுமில்லை. கும்பனிப் படையில் ஜெர்மானியர் ஏராளம். தந்தைவழி ஐரோப்பிய வழியாயின் அதுவே போதும். ஆனால், தனியனாகக் கப்பலேறி வந்த படைவீரன் யாரை மணந்தான்? இங்கேயே பிறந்தவளை, போர்த்துக்கேயர் வழிவந்தவளை, அன்றேல், கிறிஸ்தவப் பெண்ணையே மணக்கலாம் என்ற விதிக்கிணங்கத் திருமுழுக்குப் பெற்ற சுதேசப் பெண்ணை. மனைவியென ஒரு வரியில் அவள் பெயர் வரும். திருமுழுக்கின் முன் அவளை ஈன்றவர்கள் எப்பெயரிட்டு அழைத்தார்கள் என்பதற்கு அவ்வரியில் இடமில்லை.

ஏடு மறந்ததை நா மறக்கவில்லை. ஒல்லாந்தர் வீடுகளிற் பெரிதும் வழங்கியது ஒல்லாந்த மொழியன்று. தாயரும் செவிலியரும் பேசிய போர்த்துக்கேயக் கிளைமொழியே. ஒல்லாந்த மொழி அறியாத அடிமைகளின் தலையை மழிக்கும்படி கும்பனி கட்டளையிட்டும் பயன் விளையவில்லை.

அம்மொழியைக் காத்தவர் கொழும்புக் கனவான்கள் அல்லர். மட்டக்களப்பின் தச்சரும் கொல்லருமான பறங்கியர். போர்த்துக்கேயப் பறங்கியரென்று சங்கத்தாரால் வேறாக வைக்கப்பட்ட வகுப்பினர் இவர்கள். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின் கொழும்புக் குடும்பங்கள் பல அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தன. பட்டியல்களும் பெட்டிகளில் உடன்சென்றிருக்கும். மட்டக்களப்பிலோ பலர் தங்கிவிட்டனர். 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கியபோது டச்பார்க் கரையில் அவர்களுட் பலர் மாண்டனர். எஞ்சியோரின் கலியாண வீடுகளில் வயலின் இசைக்கக் கப்ரிஞ்ஞா ஆடுகின்றனர். பாட்டியரிடம் கேட்டுப் பழகிய அம்மொழி முதியோர் சிலர் நாவில் இன்றும் உண்டு.