சாண எரிவாயு, வீட்டுக் கலன்

சாணத்தைக் காற்றுப் புகாத தொட்டியில் நொதிக்கவிட்டு வீட்டிலேயே பெறும் எரிபொருள். பேச்சுவழக்கில் கோபர் கேஸ். இதில் மீத்தேன் 55 முதல் 65 விழுக்காடு வரை இருக்கும். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு.

இந்தியாவில் மிதக்கும் டிரம் கொண்ட கலனை 1950களில் ஜஷ்பாய் படேல் உருவாக்கினார். 1960களில் காதி கிராமத் தொழில் ஆணையம் அதைப் பரப்பியது. இரும்பு டிரம் துருப்பிடிப்பதும் அதன் விலையும் சுமையாயின. 1984இல் வந்த தீனபந்து கலன் செங்கல் குவிமாடத்தால் அச்செலவைக் குறைத்தது.

இரண்டு கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். அதே அளவு தண்ணீர் சேர்த்துக் கரைத்து ஊற்றவேண்டும். மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு 35 பாகை செல்சியஸ் ஏற்றது. குளிரில் அவை மந்தமாகும். சமையலறைக் கழிவை அளவுமீறிப் போட்டால் கலவை புளித்து வாயு நின்றுவிடும். மாடு இல்லாத வீட்டில் சாணக் கலன் கட்டுவது வீண்செலவு. வெளியேறும் கழிவுக் கரைசல், வாயுவுக்கு நிகரான வரவு. தழைச்சத்து நிறைந்த உரம்.

நீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுக்கும் வீட்டுச் சோதனை சாண எரிவாயுவுக்கு மாற்றாகாது. செலவிடும் மின்னாற்றலைவிடக் கிடைக்கும் ஆற்றல் குறைவு. உப்பு நீரானால் நச்சான குளோரினும் எழும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பற்றும்.

சாணத் தொட்டிக்குள் நச்சு வாயு தேங்கும். எக்காரணம் கொண்டும் தனியே உள்ளே இறங்காதீர்கள்.