கொக்கிப்புழு இனம் அறிதல்: மூலக்கூறு முறைகள்

மனிதரையும் விலங்குகளையும் தொற்றும் கொக்கிப்புழுக்களின் இனத்தை டி.என்.ஏ. கொண்டு பிரித்தறியும் முறைகள். மலத்தில் வெளிவரும் முட்டைகள் எல்லா இனங்களிலும் ஏறத்தாழ 60 மைக்ரான் நீளமும் மெல்லிய ஓடும் கொண்டவை. நுண்ணோக்கியில் அவற்றைப் பார்த்து இனம் சொல்ல இயலாது.

முன்வரலாறு: 1838இல் மிலான் நகரில் ஆஞ்செலோ துபினி, இறந்த பெண் ஒருவரின் குடலில் அன்கைலோஸ்டோமா டியோடினேல் புழுவைக் கண்டார். நெகேட்டர் அமெரிக்கானஸை 1902இல் ஸ்டைல்ஸ் விவரித்தார். முன்னதன் வாயில் இரண்டு இணைப் பற்கள். பின்னதில் பற்களுக்குப் பதிலாக வெட்டுத் தகடுகள். மூன்றாவது இனம் நெடுங்காலம் அடையாளம் இழந்து கிடந்தது. இலங்கையின் புனுகுப்பூனையில் கிடைத்த புழுவுக்கு 1911இல் ஆர்தர் லூஸ் அன்கைலோஸ்டோமா சிலானிகம் எனப் பெயரிட்டார். 1913இல் கிளேட்டன் லேன் இந்தியக் கைதிகளிடமும் அதைக் கண்டார். ஆனால் அது பிரேசிலில் 1910இல் விவரிக்கப்பட்ட அன்கைலோஸ்டோமா பிரேசிலியென்ஸ் இனமே என்ற கருத்து வலுப்பெற்றது. 1951இல் பியோக்கா, ஆண் புழுவின் வால்முனைக் குடையில் உள்ள கதிர்களையும் உட்பற்களின் அளவையும் ஒப்பிட்டு இரண்டையும் பிரித்தார். பற்களையும் கதிர்களையும் மட்டும் நம்பி அவர் வந்த முடிவை டி.என்.ஏ. பின்னர் உறுதி செய்தது. புழுவியலில் இத்தகைய கூர்ந்த பார்வை அரிது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிரேசிலியென்ஸ் எனப் பதிவான ஆசியப் புழுக்கள் பல சிலானிகமாக இருந்திருக்கலாம்.

1955இல் வந்த ஹரடா–மோரி வடிதாள் வளர்ப்பு, மலத்திலுள்ள முட்டையிலிருந்து வளரும் இளம்புழுவை வைத்து இனம் காண உதவியது.

மூலக்கூறு காலம்: 1990களில் மெல்போர்னில் ராபின் காசரும் நீல் சில்டனும் ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையிலுள்ள ஐ.டி.எஸ். பகுதியைத் தேர்ந்தனர். இப்பகுதி ஒவ்வொரு உயிரணுவிலும் பல படிகளாக இருப்பதால், ஒரே முட்டையிலிருந்தும் பி.சி.ஆர். எனும் டி.என்.ஏ. படியெடுப்பு முறையால் பெருக்க இயலும். பக்கத்து மரபணுக்கள் இனத்துக்கு இனம் அதிகம் மாறாததால் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் ஒரே தொடக்கியிழைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும், இடைப்பகுதியோ மாறும். கிடைத்த டி.என்.ஏ.வை வெட்டுநொதியால் துண்டித்தால், துண்டுகளின் நீளமே இனத்தைக் காட்டும். மலத்துக்கு இதைப் பொருத்துவது எளிதாக இருக்கவில்லை. முட்டையோட்டை நுண்மணிகளால் குலுக்கி உடைக்க வேண்டும்; பி.சி.ஆர். வினையைத் தடுக்கும் பொருள்களையும் நீக்க வேண்டும். 2004இல் ரெபேக்கா டிராப் குழுவினர் நாய் மலத்திலிருந்தே நேரடியாக இனம் கண்டனர்.

இம்முறைகளின் பெரும்பயன், சிலானிகம் மனிதரிடம் அரிது என்ற எண்ணத்தை மாற்றியதே. 2014இல் வெளியான கம்போடியக் கிராம ஆய்வில், கொக்கிப்புழு இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அது காணப்பட்டது. அங்குள்ள நாய்களிலும் அதுவே மிகுதி. தொற்று அண்மையில் பெருகியதா, முன்பே இருந்து இப்போதுதான் தெரிகிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பி.சி.ஆர். அளவைக் கொண்டு முட்டை எண்ணிக்கையைக் கணிப்பதும் விவாதத்துக்குரியது.

நெகேட்டர் அமெரிக்கானஸின் முழு மரபணுத்தொகை 2014இல் வெளியானது.

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் மனிதர், நாய், மண் மாதிரிகளில் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அங்கு மனிதரிடம் மிகுதியாகக் காணப்பட்ட இனம் நெகேட்டர் அமெரிக்கானஸ்.