இடுப்பு முறிவில் செயற்கை மூட்டு: அறுவை வழிகளின் வரலாறு

தொடை எலும்பின் கழுத்து முறிந்த முதியவர்களுக்குச் செயற்கை மூட்டுப் பொருத்தும்போது, அறுவை மருத்துவர் இடுப்பு மூட்டைப் பின்புறம், பக்கவாட்டு, முன்புறம் ஆகிய மூன்று வழிகளில் ஒன்றால் அடையலாம். எவ்வழியில் சென்றாலும் ஒரே வகை மூட்டைப் பொருத்த முடியும். எந்தத் தசை வெட்டப்படுகிறது என்பதில்தான் முக்கிய வேறுபாடு உள்ளது. பின்னர் மூட்டு நழுவுமா, நோயாளி நொண்டி நடப்பாரா என்பவை இதைப் பெரிதும் சார்ந்துள்ளன.

முறிவும் மாற்று மூட்டும்

தொடை எலும்புத் தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை எலும்பின் கழுத்தை ஒட்டிச் செல்கின்றன. மூட்டு உறைக்குள் கழுத்து முறிந்து விலகினால் இக்குழாய்கள் அறுந்துவிடக்கூடும். இத்தகைய முறிவுகள் கூடாமல் போவதற்கு இதுவே காரணம் என இலண்டன் மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கூடாத எலும்பை நீக்கிவிட்டு உலோகத் தலையைப் பொருத்தும் முறை வர நூறாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த ஆஸ்டின் மூர், ஹெரால்டு போல்மனுடன் சேர்ந்து 1940இல் ஒரு கட்டி நோயாளிக்கு உலோக இடுப்பைப் பொருத்தினார். 1950களில் மூரின் உலோகத் தலை கழுத்து முறிவுகளுக்குப் பரவலாகப் பயன்பட்டது.

பின்புற வழி

ஜெர்மானிய மருத்துவர் லாங்கன்பெக் 1874இல் இவ்வழியை விவரித்தார். அவருடைய நோக்கம் இடுப்பில் குண்டடி பட்டவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது. கோகர் அதைத் திருத்தியமைத்தார். 1957இல் மூர் தம் உலோகத் தலையைப் பொருத்தும் வழியாக இதைப் பரப்பினார். இதில் தொடையை வெளிநோக்கிச் சுழற்றும் சிறு தசைகள் வெட்டப்படுகின்றன. நடக்கும்போது இடுப்பைத் தாங்கும் பிட்டத் தசைகள் தப்பிவிடுகின்றன. ஆனால் மூட்டின் பின்சுவர் தளர்வதால், தாழ்வான இருக்கையில் அமர்ந்து காலை உள்நோக்கித் திருப்பினால் மூட்டு பின்பக்கமாக நழுவக்கூடும்.

பக்கவாட்டு வழி

ரெஜினால்டு வாட்சன்-ஜோன்ஸ் 1936இல் விவரித்த முன்-பக்கவாட்டு வழி, கழுத்து முறிவைச் சீர்செய்வதற்கென்றே அமைந்தது. கெவின் ஹார்டிஞ் 1982இல் விவரித்த நேர்ப் பக்கவாட்டு வழியில், நடுப் பிட்டத் தசையின் முன்பகுதி பிரிக்கப்பட்டு இறுதியில் மீண்டும் தைக்கப்படுகிறது. பின்சுவர் அப்படியே இருப்பதால் நழுவல் குறைவு. தைத்த தசை சரியாக ஒட்டாவிட்டாலோ, பிளவு மேலே நீண்டு மேல் பிட்ட நரம்பு பாதிக்கப்பட்டாலோ, நோயாளி இடுப்பைச் சாய்த்து நொண்டி நடப்பார்.

முன்புற வழி

கார்ல் ஹ்யூட்டர் 1881இல் எழுதிய இவ்வழியை, பாஸ்டன் நகரின் ஸ்மித்-பீட்டர்சன் 1917இல் வேறு வடிவில் விவரித்தார். பாரிஸின் ஜூடே 1940களில் செயற்கைத் தலை பொருத்த இதைப் பயன்படுத்தினார். தசைகளை வெட்டாமல் அவற்றின் இடைவெளி வழியே செல்வது இதன் சிறப்பு. எனினும் தொடை எலும்பின் உட்குழியை எட்டுவது கடினம். எலும்பு மெலிந்த முதியவர்களுக்கு அறுவையின்போதே எலும்பு விரிசல் காணும் அபாயம் உண்டு. தொடையின் வெளிப்புறத்துக்கு உணர்வு தரும் நரம்பும் பாதிக்கப்படலாம்.

ஒப்பீடு

மூட்டுத் தேய்வுக்காக அறுவை செய்துகொள்பவருக்குத் தயாராக நேரமுண்டு. எப்படி அமரக் கூடாது என்பதையும் முன்பே கற்றுக்கொள்வார். விழுந்து எலும்பு முறிந்தவரோ பெரும்பாலும் வயது மிகுந்தவர், தசை மெலிந்தவர், சிலருக்கு மறதி நோயும் இருக்கும். சொன்ன எச்சரிக்கை அவர் நினைவில் நிற்காமல் போகலாம். நழுவிய மூட்டுக்காக மீண்டும் மயக்க மருந்து கொடுப்பது அவருக்குப் பேராபத்து. பிரித்தானிய வழிகாட்டல் நிறுவனமான நைஸ், தலையை மட்டும் மாற்றும் அறுவையில் பின்புற வழியைவிட முன்-பக்கவாட்டு வழியைக் கருதுமாறு 2011இல் பரிந்துரைத்ததன் பின்னணியும் இதுவே.

பத்து நாடுகளில் 1,495 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், முழு மூட்டு மாற்றம் பெற்றவர்களில் 4.7 விழுக்காட்டினருக்கும், தலை மட்டும் மாற்றப்பட்டவர்களில் 2.4 விழுக்காட்டினருக்கும் மூட்டு நழுவல் அல்லது தளர்வு ஏற்பட்டது. ஆகவே முழு மூட்டு பொருத்தும்போது வழியைத் தேர்வதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

மறுபுறம், பின்புற வழியில் மூட்டு உறையையும் வெட்டிய தசைகளையும் எலும்புடன் சேர்த்துத் தைத்தால் நழுவல் வெகுவாகக் குறைகிறது எனப் பெலிச்சி குழுவினர் 1998இல் காட்டினர். தலை மட்டும் மாற்றப்பட்ட 216 நோயாளிகளிடம் பக்கவாட்டு, பின்புற வழிகளை ஒப்பிட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வில், வலியிலும் நடமாட்டத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இதனால் மருத்துவர் எந்த வழியில் நன்கு பழகியவர் என்பதும், நோயாளியின் தசை வலிமையும் நினைவாற்றலும் எப்படி உள்ளன என்பதும் தேர்வில் முதலிடம் பெறுகின்றன.