பெறுநர் டொமைன் கட்டுப்பாடு

பெறுநர் டொமைன் கட்டுப்பாடு என்பது, ஒரு மின்னஞ்சல் கணக்கிலிருந்து எந்தெந்த டொமைன்களுக்கு அஞ்சல் போகலாம் என்பதை அஞ்சல் சர்வரிலேயே வரையறுத்து வைக்கும் ஏற்பாடு. பள்ளி மாணவர்களின் கணக்குகளைப் பள்ளிக்குள்ளேயே நிறுத்தி வைக்கவும், தற்காலிக ஊழியரின் கடிதங்கள் அலுவலகத்துக்கு வெளியே போகாமல் இருக்கவும் இது பயன்படுகிறது. சோதனையில் இருக்கும் மென்பொருள் நிஜ வாடிக்கையாளருக்குத் தவறிக் கடிதம் போட்டுவிடாமல் தடுக்கவும் இதே வழிதான்.

மின்னஞ்சல் போக்குவரத்துக்கான எஸ்எம்டிபி நெறிமுறையை 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்னும் ஆவணம் வகுத்தது. அதன்படி, அனுப்புகிற கணினி முதலில் அனுப்புநர் முகவரியைச் சொல்கிறது. பிறகு பெறுநர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறது. கடிதத்தின் உள்ளடக்கம் அதற்கும் பின்னால்தான் வருகிறது. ஆகவே கடிதத்தில் ஓர் எழுத்தைக்கூடப் பெறாமலே, பெறுநரின் டொமைனைப் பார்த்து, 550 அல்லது 554 என்ற எண்ணுடன் சர்வர் மறுத்துவிட முடியும். இந்த முகவரிகள் அஞ்சலின் உறைமேல் எழுதப்பட்டவை போன்றவை. கடிதத்தின் தலைப்பில் தெரியும் பெயர்கள் வேறு. மறைநகலாகச் சேர்க்கப்பட்டவர் தலைப்பில் தெரியமாட்டார், உறையில் இருந்தே தீர வேண்டும். சோதனையை உறையில் வைப்பதன் பெரிய லாபம் இதுதான்.

வீட்ஸ வெனிமா ஐபிஎம் ஆய்வகத்தில் உருவாக்கி 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் சர்வர் மென்பொருள், இதற்கு இரண்டு பட்டியல்களைக் கையாள்கிறது. ஒன்றில் கட்டுக்குள் வைக்க வேண்டிய அனுப்புநர்கள், மற்றதில் அனுமதிக்கப்பட்ட டொமைன்கள். முதல் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு மட்டும் இரண்டாவது பட்டியல் பொருந்தும். அதில் இல்லாத டொமைன் எதுவானாலும் மறுப்பு. இரண்டையும் இணைப்பது ‘கட்டுப்பாட்டு வகுப்பு’ என்னும் வசதி. ஒரு டொமைனை அனுமதித்தால் அதன் துணை டொமைன்களும் இயல்பாகவே அனுமதி பெறுகின்றன. பல நிர்வாகிகள் இதைக் கவனிப்பதில்லை.

பட்டியல் எழுதுவது சுலபம். அஞ்சலை அனுப்புகிறவர் யார் என்று அறிவதே கடினம். அனுப்புநர் முகவரி என்பது அனுப்புகிறவர் தானே சொல்லிக்கொள்வது. கட்டுக்குள் இருக்கும் ஒருவர் சக ஊழியரின் முகவரியைப் போட்டு அனுப்பினால் பட்டியல் ஏமாந்துபோகும். அதனால் கடவுச்சொல் கேட்டு உள்நுழையச் செய்து, அந்தக் கணக்குக்கு உரிய முகவரியை மட்டுமே பயன்படுத்த விடுவது கட்டாயம். இது இல்லாமல் போடப்படும் பட்டியல் வெறும் வேண்டுகோள்தான். வேறு இடைவெளிகளும் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் ஓடும் அதே கணினியில் கட்டளை வழியாக அனுப்பப்படும் அஞ்சல் எஸ்எம்டிபி வாசலைத் தொடுவதில்லை. எனவே அங்கு வைத்த சோதனை அதைப் பிடிக்காது. உள் முகவரி ஒன்று வெளி முகவரிக்குத் திருப்பி விடப்பட்டிருந்தால், வாசலில் தெரிவது உள் முகவரி மட்டுமே.

கூகுள் வொர்க்ஸ்பேஸில் இந்தக் கட்டுப்பாட்டை நிர்வாகப் பலகையில் அமைக்கலாம். அங்கு அனுப்புவதோடு பெறுவதும் அதே பட்டியலுக்குக் கட்டுப்படும். நிறுவனத்துக்குள் போய்வரும் அஞ்சலுக்கு விலக்கு தரலாம். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சில் அஞ்சல் ஓட்ட விதி ஒன்றை எழுதி, வெளிப் பெறுநருக்கான கடிதத்தை விளக்கத்துடன் திருப்பி அனுப்பலாம். அந்த விளக்கத்தில் யாரை அணுகினால் டொமைனைச் சேர்ப்பார்கள் என்று ஒரு வரி எழுதிவைத்தால், பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும்.