கப்பெல் கெலின்: தண்ணீருக்குள் போன ஊர்

வேல்ஸ் நாட்டின் வடக்கே பாலா என்று ஒரு சின்ன டவுன் (நம்மாள் பெயர் மாதிரியே இருக்கிறது, இல்லையா?). அதற்குச் சில மைல் தள்ளி, ட்ரவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கப்பெல் கெலின் என்ற ஊர் இருந்தது. ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு போஸ்ட் ஆபீஸ், சுற்றிலும் பண்ணைகள். ஊர் முழுக்க வெல்ஷ் மொழிதான் பேச்சு.

1955 டிசம்பரில் பத்திரிகையைப் பார்த்துத்தான் ஊர்க்காரர்களுக்கு விஷயமே தெரிந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகராட்சி அங்கே அணை கட்டப் போகிறதாம். பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் 67 பேர். அதில் 48 பேருக்கு வீடு போகும்.

லிவர்பூலுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது உண்மை. வீடுகளுக்கும் வேண்டும், தொழிற்சாலைகளுக்கும் வேண்டும். ஆனால் என்னை யோசிக்க வைத்தது அவர்கள் போன வழி.

அப்போது அங்கே மெரியோனெத் கவுண்டி கவுன்சில் இருந்தது, அதற்குக் கீழே வட்டார கவுன்சிலும் இருந்தது. நம் ஜில்லா போர்டு, பஞ்சாயத்து யூனியன் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறைப்படி போனால் உள்ளூர் அனுமதி வேண்டும். லிவர்பூல் அந்தப் பக்கமே போகவில்லை. நேராக லண்டன் பாராளுமன்றத்துக்கு ஒரு தனி மசோதாவைக் கொண்டு போனது. அது சட்டமாகிவிட்டால் உள்ளூர் மன்றங்களின் சம்மதம் தேவையில்லை, நிலத்தையும் கட்டாயமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1956 நவம்பரில் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். வேல்ஸின் பல உள்ளாட்சி மன்றங்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. பாராளுமன்றத்தில் வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போடவில்லை. அப்படியும் 1957-இல் அது சட்டமாகிவிட்டது. எண்ணிக்கை பலம் இங்கிலாந்துக்காரர்களிடம் அல்லவா!

1963-இல் தேவாலயத்தில் கடைசி ஆராதனை நடந்தது. சிலர் தங்கள் முன்னோர்களின் உடல்களைத் தோண்டி எடுத்துப் போனார்கள். மீதிக் கல்லறைகள் அங்கேயே கான்கிரீட்டுக்கு அடியில் தங்கிவிட்டன. 1965 அக்டோபரில் அணையைத் திறந்து வைத்தார்கள். எதிர்ப்புக் கூச்சலில் விழா சில நிமிடங்களிலேயே முடிந்துபோனது.

ஊர் போய்விட்டது, கோபம் போகவில்லை. 1964-இல் வேல்ஸுக்கென்று முதல்முறையாகத் தனி மத்திய அமைச்சர் வந்தார். ஊருக்காகப் போராடிய க்வின்ஃபோர் எவன்ஸ் 1966-இல் தன் கட்சியான ப்ளைட் கம்ரியின் முதல் பாராளுமன்ற உறுப்பினரானார். 1997-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் மயிரிழையில் ஜெயித்து, 1999-இல் வேல்ஸுக்குச் சொந்தச் சட்டசபை வந்தது. எல்லாவற்றுக்கும் இந்த ஓர் ஊர்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் "நம் ஊரைப் பற்றி யார் முடிவெடுப்பது?" என்ற கேள்வி இங்கேதான் எல்லோருக்கும் உறைத்தது.

லிவர்பூல் மாநகராட்சி 2005-இல் மன்னிப்புக் கேட்டது. நாற்பது வருஷம் கழித்து!

வேல்ஸின் மேற்குக் கடற்கரைச் சாலையோரம் ஓர் இடிந்த சுவர் நிற்கிறது. அதில் வெல்ஷ் மொழியில் இரண்டே வார்த்தைகள்: "ட்ரவெரினை நினைவில் வையுங்கள்." யாராவது அதை அழித்தாலும் இடித்தாலும், ஊர்க்காரர்கள் வந்து மறுபடி கட்டி மறுபடி எழுதிவிடுகிறார்கள்.

கவுன்சில், கவுண்டி, மசோதா என்பதெல்லாம் படிக்க அலுப்பான சமாச்சாரங்கள்தான். ஆனால் அந்த 48 பேருக்கு அதுதான் வீட்டு வாசல்படி.