வெளியீட்டைச் செய்தது யார்? திறமூல நிரலகங்களும் தானியங்கு வெளியீட்டின் வரலாறும்

2024 மார்ச் 29 அன்று ஆந்திரேஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் ஓர் எச்சரிக்கையைப் பொதுவில் வெளியிட்டார். எஸ்எஸ்எச் வழியாகக் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, அதன் காரணத்தைத் தேடிச் சென்றவர் அவர். அத்தேடல் எக்ஸ்இசட் என்னும் தரவுச் சுருக்க நிரலகத்தில் போய் முடிந்தது. அதன் 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளிலும் ஒரு பின்வாசல் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

இந்நிகழ்வு பெரும்பாலும் உளவுக் கதையாகவே பேசப்படுகிறது. சோர்ந்திருந்த ஒரு பராமரிப்பாளருக்கு உதவ வந்தவர்போல் நுழைந்து, ஈராண்டுக்கு மேல் நல்லெண்ணம் ஈட்டி, வெளியீட்டு உரிமையைப் பெற்ற ஒரு புனைபெயராளரின் கதை அது. எனினும் அதில் அடங்கிய வேறொரு செய்தி வரலாற்று மாணவர்களுக்கு முதன்மையானது. தீங்கு நிரலின் பெரும்பகுதி, சோதனைக் கோப்பு என்ற பெயரில் களஞ்சியத்திலேயே கிடந்தது. ஆனால் அதனை இயக்கத் தேவையான வரிகள் களஞ்சியத்தில் இல்லை. பயனர்களுக்கெனத் தனியே கட்டி வெளியிடப்பட்ட டார் பொதியில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தை வரிவரியாகப் படித்தவருக்கும் அவ்வரிகள் கண்ணில் பட வழியில்லை.

சுவடிப் பதிப்பில் பழகியவர்கள் இதனை எளிதில் உணர்வர். மூல ஏட்டிலும் படியிலும் பாடம் வேறுபட்டால், படியெடுத்தவரின் கையைத்தான் முதலில் ஐயுறுவர். மென்பொருள் உலகில் அந்த ஐயம் நெடுங்காலம் எழவே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 1991இல் தோன்றிய ஆட்டோகான்ஃப் போன்ற கருவிகள், பயனரின் கணினிக்கேற்ப நிரலைக் கட்டமைக்கும் நீண்ட கோப்புகளைத் தாமே உருவாக்கித் தந்தன. அவற்றைக் களஞ்சியத்தில் வைக்காமல் வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்ப்பது பரவலான வழக்கமாயிற்று. ஆகவே பொதியும் களஞ்சியமும் வேறுபடுவது குற்றமாகவோ விந்தையாகவோ தோன்றவில்லை. அந்த வழக்கத்தின் நிழலில்தான் எக்ஸ்இசட் பின்வாசல் ஒளிந்துகொண்டது.

அக்கால வெளியீடு கைத்தொழில் போன்றது. பைத்தான் மொழியை வெளியிடும் முறையை விளக்கும் ‘பெப் 101’ என்னும் ஆவணம் 2001இல் தொடங்கப்பட்டது. பதிப்பெண்ணை மாற்றுதல், குறிச்சொல் இடுதல், பொதி கட்டுதல், கையொப்பமிடுதல், பதிவேற்றுதல், அறிவித்தல் எனப் படிகள் நீளும். பைத்தானுக்கு வெளியீட்டு மேலாளர் என்றொருவர் இருந்தார். சிறு நிரலகங்களுக்கோ ஒருவரே எல்லாம். அவருடைய மடிக்கணினியே அச்சகம், அவருடைய நினைவாற்றலே கையேடு. ஒரு படி தவறினாலும் குறையுள்ள பதிப்பு வெளிவந்துவிடும். அவர் ஓய்ந்தால் வெளியீடும் ஓய்ந்துவிடும்.

தானியங்குமயம் இந்தச் சுமையைக் குறைக்கவே வந்தது. நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளைத் தாமே ஓட்டும் சேவைகள் 2010களில் பரவின. வெளியீட்டையும் அவையே ஏற்றன. டாம் பிரெஸ்டன்-வெர்னர் வகுத்த ‘பொருள்சார் பதிப்பெண்’ முறை, பதிப்பெண்ணின் மூன்று உறுப்புகளுக்கும் வரையறுத்த பொருள் தந்தது: பழைய பயன்பாட்டை முறிக்கும் மாற்றமானால் முதலெண் கூடும், புதிய வசதியானால் நடுவெண், பிழைதிருத்தமானால் கடையெண். அதன்பின் ‘செமான்டிக் ரிலீஸ்’ போன்ற கருவிகள், நிரலாளர் எழுதும் கமிட் குறிப்பின் தொடக்கச் சொல்லைப் படித்துப் பதிப்பெண்ணைத் தாமே முடிவு செய்தன. மொழியியல் நோக்கில் இது கருதத்தக்க மாற்றம். சக மனிதருக்கு எழுதப்பட்ட குறிப்பு, எந்திரத்திற்கு இடும் கட்டளையாயிற்று. எனினும் ஒரு மாற்றம் பயனரின் நிரலை முறிக்குமா என்னும் தீர்ப்பு மனிதருடையதாகவே நின்றது. அவர் தவறாகக் குறித்தால் எந்திரமும் தவறாகவே எண்ணிடும்.

இதனினும் பெரிய சிக்கல் சாவியைப் பற்றியது. எந்திரம் பதிவேற்ற வேண்டுமாயின் அதற்கு அனுமதி டோக்கன் தேவை. காலாவதியாகாத டோக்கன்கள் தானியங்கு அமைப்புகளுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. பைத்தான் பொதிகளின் பொதுக்கிடங்கான பைபிஐ, 2023 ஏப்ரலில் ‘நம்பகப் பதிப்பித்தல்’ என்னும் முறையைக் கொணர்ந்தது. இதில் நிலையான டோக்கன் இல்லை. எந்தக் களஞ்சியத்தின் எந்தப் பணிநிரல் கேட்கிறது என்பதைச் சரிபார்த்து, 15 நிமிடமே செல்லும் டோக்கன் வழங்கப்படும். 2024 நவம்பரில், பொதி எங்கே எவ்வாறு உருவாயிற்று என்பதற்கான டிஜிட்டல் சான்றொப்பமும் அறிமுகமாயிற்று.

அடுத்த மாதமே அம்முறை சோதனைக்குள்ளாயிற்று. அல்ட்ராலிட்டிக்ஸ் என்னும் கணினிப் பார்வை நிரலகத்தின் 8.3.41, 8.3.42 பதிப்புகள் மறையீட்டு நாணயம் அகழும் நிரலைச் சுமந்து வெளிவந்தன. தாக்கியவர் எவருடைய நம்பிக்கையையும் ஈட்டவில்லை. கிளையின் பெயருக்குள்ளேயே கட்டளையை ஒளித்து மாற்றக் கோரிக்கை அனுப்பினார். பணிநிரல் அப்பெயரைக் கட்டளையாகவே இயக்கிவிட்டது. இங்கும் களஞ்சியத்தில் இல்லாத வரிகள் பொதியில் இருந்தன. எக்ஸ்இசட்டில் மனிதக் கை சேர்த்ததை இங்கே எந்திரம் சேர்த்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இப்பொதிகள் அந்நிரலகத்தின் பணிநிரலிலேயே உருவாயின என்று சான்றொப்பம் உண்மையாகவே கூறியது. அதனால் ஆய்வாளர்கள் கிடங்கை விடுத்துப் பணிநிரலில் தேட முடிந்தது. சில நாள் கழித்து வந்த 8.3.45, 8.3.46 ஆகிய தீங்குப் பதிப்புகளுக்குச் சான்றொப்பம் இல்லை. திரும்பப் பெறாமல் விடப்பட்ட பழைய டோக்கன் ஒன்றின் வழியே அவை ஏறின. சான்றொப்பம் பொதியைத் தூய்மையாக்கவில்லை. பொதி வந்த வழியைக் காட்டிற்று.

இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், கையா எந்திரமா என்ற வாதம் போதாதென்பது தெளிவாகும். மூலத்திற்கும் பொதிக்கும் இடையில் நடந்ததைப் பிறர் மீளச் செய்து பார்க்க முடியுமா என்பதே வினா. டெபியன் குழு 2013 முதல் முன்னெடுத்துவரும் ‘மீளுருவாக்கத்தக்க கட்டுமானம்’ இதற்கே விடை தேடுகிறது: ஒரே மூலத்திலிருந்து எவர் கட்டினாலும் பிட் அளவிலும் வேறுபாடற்ற பொதி கிடைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அதனை எட்ட, ஒருவர் நினைவில் மட்டும் இருந்த படிகள் எந்திரம் இயக்கும் எழுத்தாக முதலில் மாற வேண்டும். தானியங்குமயம் தரும் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது. எழுதி வைத்த படிகளைப் பிறர் படித்துப் பிழை காணலாம். களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரின் நள்ளிரவு வெளியீட்டைச் சரிபார்க்க அப்படியொரு வழி எவருக்கும் இருந்ததில்லை.